அம்பாரத்தை யார் பிரிக்கிறார்கள்?

சிறு பிள்ளைகளுக்கு வர்க்கத்தைச் சொல்லித் தருவது குறித்து

(தஞ்சாவூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் முன் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கிச் செப்பனிடப்பட்டது.)



அழைப்பிதழில் என் தலைப்பு 'சமூகப் பொருளாதார வர்க்கங்களும் குழந்தைக் கல்வியும்' என்று அச்சாகியிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு அது மிகப் பெரிய தலைப்பு. ஒரே கேள்வியாக அதைச் சுருக்கிக்கொள்கிறேன். உங்கள் வகுப்பில் ஏழு எட்டு வயதுப் பிள்ளை எழுந்து நின்று, "அவங்க வீட்ல மட்டும் ஏன் டீச்சர் அவ்வளவு இருக்கு?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

நம்மிடம் மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன. "அவங்க நல்லா உழைச்சாங்க" என்பது ஒன்று. "கடவுள் கொடுத்தது" என்பது இன்னொன்று. "அதெல்லாம் பெரியவங்க விஷயம், நீ கணக்கைப் போடு" என்பது மூன்றாவது. முதல் பதிலைக் கேட்கும் பிள்ளை, விடியுமுன் நடவுக்குப் போகும் தன் அம்மாவைச் சோம்பேறி என்று நினைக்க வேண்டியிருக்கும். இரண்டாவது பதில் கடவுள்மேல் பழி போடுகிறது. மூன்றாவது, இது வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய செய்தி என்று கற்றுக்கொடுத்துவிடுகிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். யார் வீட்டில் என்ன இருக்கிறது என்ற பட்டியலாக வர்க்கத்தைச் சொல்லாமல், விளைந்ததை எப்படிப் பங்கிட்டார்கள் என்ற கணக்காகச் சொல்ல வேண்டும். பட்டியல் பிள்ளைக்கே தெரியும். விளைந்ததை யார் பிரித்தார்கள், எந்த விகிதத்தில் பிரித்தார்கள், அந்த விகிதத்தை எப்போது யார் மாற்றினார்கள் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். காவிரிப் பாசனப் பகுதியில் பாடம் நடத்தும் நமக்கு ஒரு வசதி உண்டு: இந்த மூன்றையும் நெல்லை வைத்தே சொல்லிவிடலாம். ஏழு குறிப்புகளாகப் பேசுகிறேன்.

1. பிள்ளை ஏற்கெனவே பார்த்துவிட்டது

"கள்ளமில்லாத வயது, இதையெல்லாம் ஏன் தலையில் ஏற்ற வேண்டும்?" என்ற தயக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நாம் ஏற்ற வேண்டியதே இல்லை. திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை ஒன்று வீட்டை விட்டு இறங்கும்போதே பார்க்கத் தொடங்கிவிடுகிறது. மஞ்சள் வேன் ஒரு தெருவில் நிற்கிறது, அடுத்த தெருவில் நிற்பதில்லை. ரேஷன் அரிசியை ஒரு வீட்டில் மூன்று வேளையும் பொங்குகிறார்கள், இன்னொரு வீட்டில் கோழிக்குப் போடுகிறார்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் ஒருவர் ஈரப்பதம் பார்த்து எழுதுகிறார், ஒருவர் தன் நெல்லுக்குக் காவலாக ராத்திரி அங்கேயே படுத்திருக்கிறார், ஒருவர் 40 கிலோ சிப்பத்தை முதுகில் ஏற்றுகிறார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கூரை வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போனார்கள். மாடி வீட்டுப் பிள்ளைகள் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். யார் எங்கே தூங்கினார்கள் என்பதை அந்தப் பிள்ளைகள் மறக்கவில்லை.

அமெரிக்க உளவியலாளர் இராபர்ட் லீஹி 1981இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 6, 11, 14, 17 வயதுப் பிள்ளைகளிடம் பணக்காரர் எப்படிப்பட்டவர், ஏழை எப்படிப்பட்டவர் என்று கேட்ட ஆய்வு அது. ஆறு வயதுக்காரர்கள் வீடு, துணிமணி, பொருள்களைச் சொன்னார்கள். பதினொரு வயதை எட்டியவர்கள் ஆளின் குணத்தைச் சொல்லத் தொடங்கினார்கள்: உழைப்பாளி, கெட்டிக்காரர், சோம்பேறி. சமூகத்தின் அமைப்பைப் பற்றிப் பேசியவர்கள் பெரிய பிள்ளைகளில் சிலர் மட்டுமே. 2016இல் கிறிஸ்டின் ஷட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கீழே இறங்குகிறது. பள்ளிக்கு இன்னும் வராத வயதிலேயே, நல்ல பொருள்களோடு காட்டப்பட்ட பிள்ளையைப் பிற பிள்ளைகள் அதிகம் விரும்பினார்கள்.

இவை அமெரிக்கப் பிள்ளைகள், அளவோடுதான் இங்கே பொருத்த வேண்டும். ஆனாலும் நமக்கு ஒரு கால எல்லை கிடைக்கிறது. ஆறு வயதில் பொருளைப் பார்க்கும் பிள்ளை, பதினொரு வயதில் அந்தப் பொருளுக்குக் காரணம் ஆளின் குணம் என்று முடிவு கட்டிவிடுகிறது. இடையில் இருக்கும் ஐந்து ஆண்டுகளும் தொடக்கப்பள்ளியில் கழிகின்றன. அந்த ஐந்து ஆண்டுகளில் நாம் வாயைத் திறக்காவிட்டால் அந்தப் பிள்ளை தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடும். நடவாளின் மகள் தன்னைத் தாழ்வாக நினைப்பாள். நிலக்காரர் மகன் அவளைத் தாழ்வாக நினைப்பான். இருவருக்குமே அது கெடுதல்.

2. பல்லாங்குழியில் தொடங்குங்கள்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு நிலம், குத்தகை, கூலி எதுவும் வேண்டாம். ஒரு பல்லாங்குழிப் பலகையும் எழுபது புளியங்கொட்டையும் போதும். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி, குழிக்கு ஐந்து கொட்டை. முதல் சுற்றில் இருவருக்கும் சமம். சுற்று முடிந்தபோது ஒருத்தியிடம் 48, மற்றவளிடம் 22 இருப்பதாக வையுங்கள். இரண்டாம் சுற்றுக்கு அவரவர் கொட்டையை எடுத்து அவரவர் குழியை நிரப்ப வேண்டும். 48 உள்ளவள் ஏழு குழியையும் நிரப்பிவிட்டுப் பதின்மூன்றைக் கையில் வைத்துக்கொள்வாள். 22 உள்ளவளால் நான்கு குழிதான் நிரம்பும். மீதி மூன்று குழி மூடிக்கிடக்கும். மூன்றாம் சுற்றில் இன்னும் குறையலாம். ஒரு குழிக்குரிய ஐந்துகூடத் தேறாதபோது குழிக்கு ஒன்றாகப் போட்டு ஆடுவதற்குப் பெயரே கஞ்சி காய்ச்சுவது.

இப்போது கேளுங்கள்: "மூணாவது சுற்றுல தோத்தது, அவ சரியா ஆடாததாலயா?" பிள்ளைகள் உடனே சொல்வார்கள், இல்லை, அவளிடம் குழியே இல்லை என்று. இவ்வளவுதான் முதல் பாடம். ஒரு சுற்றில் கிடைத்தது அடுத்த சுற்றுக்குக் கூடவே வருகிறது.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம் இன்னொன்றையும் சேருங்கள். பலகையில் முதல் சுற்று சமமாகத் தொடங்கியது. ஊரில் நாம் பிறந்தபோது ஏற்கெனவே பல சுற்று முடிந்திருந்தது. தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் ஆடிய ஆட்டத்தின் கொட்டைகளோடுதான் நாம் உட்கார்கிறோம். சிலருடைய பாட்டன்களைப் பலகைக்குப் பக்கத்திலேயே விடவில்லை.

இந்த ஆட்டத்துக்கு ஒரு குறையும் உண்டு. இதில் யாரும் யாருக்காகவும் வேலை செய்வதில்லை. ஒருவர் உழைப்பில் விளைந்தது இன்னொருவர் குதிருக்குப் போவதைப் பலகை காட்டாது. அதற்குக் களத்துக்குத்தான் போக வேண்டும்.

3. அம்பாரத்தை அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள்

இன்றைய பிள்ளைகள் பலர் களத்துமேட்டைப் பார்த்ததில்லை. பெல்ட் வண்டி வயலிலேயே அறுத்து அடித்து டிராக்டரில் கொட்டிவிடுகிறது. அதனால் வகுப்புத் தரையில் ஒரு களத்தை நாமே அமைக்க வேண்டும். நூறு நெல்மணியோ நூறு கொட்டையோ அம்பாரமாகக் குவித்து வையுங்கள். மூன்றாம் வகுப்புக்கு நான் சொல்லும் பேச்சு இப்படி இருக்கும்:

"இது நூறு மரக்கால் நெல்லுன்னு வச்சுக்குவோம். இந்த நிலம் ஒருத்தருக்குச் சொந்தம். அவரு வயல்ல இறங்கல. இன்னொருத்தர் குத்தகைக்கு எடுத்து உழுதாரு, நாத்து விட்டாரு, ராத்திரியில தண்ணி கட்டினாரு. இப்ப யாருக்கு எவ்வளவு? நீங்களே பிரிங்க."

பிரிக்க விடுங்கள். ஆளுக்குப் பாதி என்று ஒருவன் சொல்வான். உழுதவருக்கே எல்லாம் என்று ஒருத்தி சொல்வாள். நிலம் அவரோடதுதானே, அவர் சொல்கிறபடிதான் என்பான் மூன்றாமவன். எதையும் திருத்தாதீர்கள். பெரியவர்கள் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் பேசியதும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

பிறகு உண்மையில் நடந்ததைச் சொல்லுங்கள். 1952இல் வந்த தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, பயிரிடுபவருக்கு நூற்றில் 40 கொடுக்க வேண்டும் என்றது. அதற்கு முன் பொதுவாகக் கிடைத்தது அதைவிடக் குறைவு. 1956இல் வந்த நியாய வாரச் சட்டம் நன்செய் நிலத்துக்கு உரிமையாளர் பங்கே 40 என்றது, ஆக உழுபவருக்கு 60. பின்னர் வந்த திருத்தம் உரிமையாளர் பங்கை 25 ஆக்கியது, உழுபவருக்கு 75. ஒவ்வொரு முறையும் பிள்ளைகளே கொட்டைகளை நகர்த்தட்டும். நிலம் அதேதான், மழையும் அதேதான், உழைப்பும் அதேதான். குவியல் மட்டும் இடம் மாறுகிறது. பங்கு என்பது மனிதர் போட்ட விதி என்பதை வாயால் சொல்லாமலே இது காட்டிவிடும். பின்னம், விழுக்காடு நடத்தும் கணக்கு வகுப்பிலேயே இதைச் செய்துவிடலாம், தனியாக ஒரு பாடவேளை தேவையில்லை.

அடுத்த படி, உழுதவர் குவியலிலிருந்து செலவைக் கழிப்பது. விதை, உரம், டிராக்டர் வாடகை, நடவாள் கூலி, அறுப்பு வண்டி வாடகை எவ்வளவு என்று பிள்ளைகள் வீட்டில் கேட்டு வரட்டும். நூறில் எழுபத்தைந்து என்று பெருமைப்பட்டது எப்படிக் கரைகிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். விலையைக் களத்தில் நிற்கும் யாரும் முடிவு செய்வதில்லை, அது டெல்லியிலும் சென்னையிலும் முடிவாகிறது என்பதையும் அப்போது சொல்லலாம்.

ஐந்தாம் வகுப்பென்றால் ஒரு சிக்கலையும் சேர்க்கலாம். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969 முதல் சட்டம் இருக்கிறது. ஆனாலும் ஊரில் நடப்பது பெரும்பாலும் வாய்ப்பேச்சுக் குத்தகை. ஒரு மா நிலத்துக்கு இத்தனை மூட்டை என்று பேசிக்கொள்கிறார்கள். தாளில் பெயர் இல்லாதவருக்குக் கூட்டுறவுக் கடனும் பயிர்க் காப்பீடும் வெள்ள நிவாரணமும் கைக்கு வருவது கடினம். சட்டத்தில் இருக்கும் பங்கும் கையில் கிடைக்கும் பங்கும் ஒன்றல்ல என்பதை ஒரு பத்து வயதுப் பிள்ளை தாராளமாகப் புரிந்துகொள்ளும்.

4. இரண்டே பேர் என்று சொல்லிவிடாதீர்கள்

குழந்தைக்கு எளிமையாகச் சொல்கிறோம் என்று பணக்காரர், ஏழை என இரண்டு பொம்மைகளை வைத்துவிடுகிறோம். டெல்டா கிராமம் ஒருபோதும் அப்படி இருந்ததில்லை. மிராசுதாருக்குக் கீழே காரியஸ்தர் இருந்தார், தலையாரி இருந்தார், குத்தகைதாரர் இருந்தார், பண்ணையாள் இருந்தார், நடவுக்கும் அறுப்புக்கும் மட்டும் வரும் ஆட்கள் இருந்தார்கள். குத்தகைதாரர் மேலே பார்த்தால் வாரம் கொடுப்பவர், கீழே பார்த்தால் கூலி கொடுப்பவர். ஒரே ஆளுக்கு இரண்டு பக்கமும் உண்டு. பிள்ளைக்கு இது குழப்பமாக இராது. தன் அப்பா ஒரு நாள் கூலிக்குப் போவதையும், இன்னொரு நாள் தன் இரண்டு மாவில் ஆள் விட்டு வேலை வாங்குவதையும் அது பார்த்திருக்கிறது.

நிலக்காரர் எப்போதும் ஓர் ஆளாக இருப்பதுமில்லை. திருவாவடுதுறை, தருமபுரம் போன்ற ஆதீனங்களுக்கும் பெரிய கோயில்களுக்கும் இங்கே ஏராளமான நன்செய் உண்டு. "எங்க வயல் சாமி வயல்" என்று சொல்லும் பிள்ளைக்கும் அதே கேள்விதான்: சாமி சார்பில் யார் அளக்கிறார்கள், யார் எழுதுகிறார்கள்? பங்கை நெல்லால் அளப்பது இங்கே ஆயிரம் ஆண்டுப் பழக்கம். முதலாம் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் பணி செய்ய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை அமர்த்தி, ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று கல்லில் வெட்டி வைத்தான். வேறு பணியாளருக்கும் பணிக்குத் தக்கபடி பங்கு வகுத்திருக்கிறது. பெரிய கோயிலுக்குச் சுற்றுலா கூட்டிப்போகும்போது நந்தியைக் காட்டுவதோடு இந்தக் கல்வெட்டையும் காட்டுங்கள்.

வீட்டுக்குள்ளேயும் பங்கு உண்டு. வரப்பு வெட்டும் ஆணின் கூலியும் நடவு நடும் பெண்ணின் கூலியும் ஏன் வேறு வேறு? சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976இலேயே நாட்டில் சட்டம் வந்துவிட்டது. இந்தக் கேள்வியைப் பெண் பிள்ளைகள் நாம் கேட்குமுன் கேட்டுவிடுவார்கள்.

5. நிலத்தையும் தெருவையும் தனித்தனியே கேளுங்கள்

இந்தக் கூட்டத்தில் எல்லோர் மனத்திலும் இருக்கும் சொல்லுக்கு வருகிறேன். தஞ்சையில் வர்க்கத்தைப் பேசிவிட்டுச் சாதியைப் பேசாமல் போக முடியாது. ஆனால் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டாலும் பிள்ளைக்குத் தெளிவு வராது.

இதற்கு வழிகாட்டும் ஒரு நூல் நம் மண்ணைப் பற்றியே எழுதப்பட்டது. ஆந்த்ரே பெத்தேய் என்ற சமூகவியலாளர் 1961-62இல் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்து, அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்டு, 1965இல் சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றையும் பற்றி நூல் வெளியிட்டார். அக்ரகாரம், குடியானவர் தெரு, சேரி என்று ஊர் மூன்றாகக் கிடந்தது. ஒரு காலத்தில் நிலம் வைத்திருப்பவர், குத்தகைக்கு உழுபவர், கூலி வேலை செய்பவர் என்ற பிரிவும் ஏறக்குறைய அந்தத் தெருக் கோட்டின்மேலேயே விழுந்தது. அவர் பார்த்த காலத்தில் அக்ரகாரத்துக் குடும்பங்கள் நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. நிலம் கைமாறியது, தெருக் கோடு அப்படியே நின்றது. வர்க்கம் சாதியிலிருந்து மெல்ல விலகத் தொடங்கியதைத்தான் அவர் எழுதினார். அக்ரகாரத்தில் குடியிருந்ததால் சேரி மக்களோடு தன்னால் தாராளமாகப் பழக முடியவில்லை என்பதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். நாம் எந்தத் தெருவிலிருந்து பள்ளிக்கு வருகிறோமோ அந்தத் தெருவின் பார்வை நமக்கும் இருக்கும். ஆசிரியர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

தெருக் கோடு புதிதல்ல. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலங்களின் கணக்கில் ஊர்நத்தம் தனியாகவும், பறைச்சேரி, தீண்டாச்சேரி தனியாகவும் எழுதப்பட்டிருக்கின்றன.

ஆக, பிள்ளையிடம் இரண்டு கேள்விகளாகப் பிரித்துக் கொடுங்கள். 'இவங்ககிட்ட என்ன நிலம், என்ன வேலை இருந்தது?' என்பது ஒரு கேள்வி. 'இவங்களை எந்தத் தெருவுல இருக்கச் சொன்னாங்க, யாரு சொன்னாங்க?' என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்குப் பதில் மாறினாலும் இரண்டாவதற்குப் பதில் மாறாமல் இருக்கலாம். அரசு வேலைக்குப் போய் மாடி வீடு கட்டியவருக்கும் ஊருக்குள் வாடகைக்கு வீடு கிடைக்காமல் போவது இப்படித்தான். எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்தி இந்தக் கேள்வியை அதன் சொந்தக் குடும்பம் பற்றிக் கேட்கக் கூடாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கதையில் வரும் ஊரைப் பற்றிக் கேளுங்கள்.

6. மாற்றியவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

ஏற்றத்தாழ்வை மட்டும் சொல்லி நிறுத்தினால் பிள்ளை பயந்துபோகும், அல்லது இது இப்படித்தான் என்று அடங்கிப்போகும். மாறிய வரலாறு நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாச ராவ் 1943இல் தஞ்சை மாவட்டத்துக்கு வந்து, தென்பரையில் தொடங்கி ஊர் ஊராக விவசாயச் சங்கம் கட்டினார். அந்தக் காலத்தில் வேலைக்குத் தாமதமாக வந்த பண்ணையாளுக்குச் சாணிப்பால் புகட்டுவதும் சவுக்கால் அடிப்பதும் தண்டனை. 1944 மன்னார்குடி ஒப்பந்தம் அதை நிறுத்தச் சொன்னது. அதன்பின் 1952, 1956 சட்டங்கள். நில உச்சவரம்பு 1961இல் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970இல் 15.

இவற்றுக்கிடையே பிள்ளைகளுக்கு மிக எளிதில் விளங்குவது 1971இன் குடியிருப்புச் சட்டம். அதுவரை கூலிக்காரர் குடிசை நின்ற மனையே நிலக்காரருடையதாக இருந்தது. கூலி கூட்டிக் கேட்டால் குடிசையைப் பிரி என்று சொல்லிவிடலாம். கேள்வி கேட்டால் படுக்க இடம் போய்விடும் என்ற நிலையில் எவர் கேட்பார்? மனை அவரவருக்கே என்று சட்டம் சொன்ன பிறகு பேச்சுக்கே தெம்பு வந்தது. அடுத்துச் சொல்ல வேண்டிய பெயர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். அவரும் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலத்தை விலைக்குப் பேசி வாங்கி, நிலமற்ற குடும்பங்களில் பெண்களின் பெயரில் பட்டா வாங்கித் தந்தார்கள்.

கீழ்வெண்மணியை என்ன செய்வது என்று கேட்பீர்கள். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த இரவைச் சொல்ல வேண்டாம். அந்த இரவுக்கு முந்திய கேள்வியைச் சொல்லலாம்: வேலை செய்தவர்கள் கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டார்கள், சங்கமாகச் சேர்ந்து கேட்டார்கள், அது சிலருக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மீதியைப் பிள்ளை வளர்ந்து, நினைவுச் சின்னத்தின் முன் நின்று, தானே கேட்கும். அப்போது மறைக்காதீர்கள்.

7. பள்ளிக்கூடமும் பங்கு பிரிக்கிறது

வகுப்பறையில் நெல்லைப் பிரித்துக் காட்டிவிட்டு, பிள்ளைகளை நாமே பிரித்துக்கொண்டிருந்தால் எந்தப் பாடமும் ஒட்டாது. 1953இல் சென்னை மாகாணத்தில் வந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்றது. குலக்கல்வி என்று அதை எதிர்த்தார்கள், 1954இல் அது கைவிடப்பட்டது. பெற்றோர் பங்குதான் உன் பங்கு என்று ஓர் அரசுத் திட்டமே பிள்ளையிடம் சொன்னதுதான் அந்த எதிர்ப்புக்குக் காரணம்.

மறுபக்கமும் நம் பள்ளிகளிலேயே உண்டு. 1982இல் சத்துணவு விரிவானபோது எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டார்கள். காலை உணவுத் திட்டம் 2022இல் தொடங்கி, 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. சீருடையும் இலவசப் பாடநூலும் அதே வேலையைச் செய்கின்றன. ஒரு கூரைக்குக் கீழே பங்கு சமமாக இருக்க முடியும் என்பதற்கு அந்தத் தட்டுதான் பிள்ளை கண்ணால் காணும் சான்று.

அந்தச் சான்றைக் கெடுக்கும் சின்னச் சின்னப் பழக்கங்கள் நம்மிடம் உண்டு. உதவித்தொகைக்காரர் பெயரை வகுப்பில் உரக்கப் படிப்பது. வருமானச் சான்றிதழ் கொண்டுவராதவரை நிற்க வைப்பது. 'உங்க அப்பா என்ன வேலை?' என்று வரிசையாகக் கேட்டுப் பதிவேட்டில் எழுதுவது. 'பாவம், இல்லாத வீட்டுப் பிள்ளை' என்று அது காதில் விழும்படி சொல்வது. தனியார் பள்ளி என்றால், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டில் வந்தவர் யார் என்று மற்றவருக்குத் தெரியும்படி நடப்பது. வசதியான வீட்டுப் பிள்ளையைக் குற்றவாளியாக்குவதும் இதே தவறுதான். பங்கைப் பிரித்தது அந்தப் பிள்ளை அல்ல.

முடிக்குமுன்

இதெல்லாம் பிள்ளைகளைத் தூண்டிவிடாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தூண்டும். கணக்குக் கேட்கத் தூண்டும். கணக்குக் கேட்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம், அவரும் பிறரை ஏமாற்றத் தயங்குவார். கணக்கே தெரியாமல் வளரும் பிள்ளைதான் ஒரு பக்கம் வெறுப்பையும் மறுபக்கம் இளக்காரத்தையும் கற்றுக்கொள்கிறது.

ஒரு வேலையை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். உங்கள் ஊரில் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் போய், தங்கள் இளமையில் நடவுக்கு, அறுப்புக்கு, ஆணுக்கு, பெண்ணுக்கு எத்தனை மரக்கால், எத்தனை படி கூலி என்று கேட்டு எழுதுங்கள். குத்தகை மாவுக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். பள்ளிக்கு ஒரு பக்கம் போதும். பாடநூலில் இல்லாத அந்தக் கணக்கு ஊருக்கு ஊர் வேறு. அதை வைத்துத்தான் உங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த முடியும். சொல்ல வேண்டியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நான் சொன்ன வழியில் போனால், ஒரு நாள் ஒரு பிள்ளை உங்களையே கேட்கும்: "டீச்சர், நீங்க எந்தக் குவியல்?" நம்மில் பலர் மாதச் சம்பளக்காரர்கள். சிலருக்கு ஊரில் நிலமும் உண்டு, அதை வாய்ப்பேச்சில் குத்தகைக்கு விட்டிருக்கிறோம், உழுபவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள். எனக்கு இன்ன சம்பளம், என் நிலம் இன்ன ஏற்பாட்டில் இருக்கிறது, அதில் எனக்கு இவ்வளவு, உழுபவருக்கு இவ்வளவு என்று. அதைச் சொல்ல வாய் வரவில்லை என்றால், முதலில் அந்த ஏற்பாட்டைச் சரிசெய்துவிட்டு வந்து பாடத்தைத் தொடங்குங்கள்.